விலக்குப் பட்டியல்

ஸெய்னுதீன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, றிஷானா அவரைப் பார்க்கப் போனாள். கிண்ணியாவில் அவளுடைய உம்மாவின் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளித்தான் அவர் வீடு. முன்கூடத்தில் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்திருந்தார். வலது கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் தெரிந்தன. மற்ற மூன்றையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். வெளிச்சவீட்டுப் பக்கம் போட் கவிழ்ந்தபோது எஞ்சினுக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்ட கை அது.

"எப்பிடி இருக்கு காக்கா? நோவு குறைவா?"

அவரை அண்ணன் முறையில் காக்கா என்றும் அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிட்டுப் பழகியவள். அவர் இடக்கையால் மேசையிலிருந்த போனை எடுத்துத் திறக்கப் பார்த்தார். பழக்கமில்லாத கை, திறபடவில்லை. அவர் மனைவி, பெயரே சித்தி பரீதா, குசினிக்குள்ளிருந்து வந்து போனைப் பறித்தாற்போல வாங்கி, திறந்து, றிஷானாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ வேல செய்ற இடத்தில இருந்துதானே இது வாற?"

மேலே இருந்த பெயர் றிஷானாவுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். கடற்றொழிலாளருக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் செய்திச் சேவை. டிசம்பர் எட்டு, பகல் ஒன்று பத்து. அதன் கீழே நான்கு வரி நிறையக் கேள்விக்குறிகள். வேறு எழுத்து ஒன்றுகூட இல்லை. இரண்டாம் வரியின் நடுவில் மட்டும் 65 என்று ஓர் எண் தனியே நின்றது.

"அறுவத்தஞ்சு ரூவாக்கு ஏதோ டேட்டா குடுக்கிறானுகள் எண்டு நினைச்சன்," என்றார் ஸெய்னுதீன். "மூணு மணிக்கு இறங்கிட்டன்."

மணிக்கு அறுபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பதே அந்தச் செய்தி. அன்று பகல் அதை அனுப்பும் வரிசையில் பார்த்தவள் றிஷானா. சுத்தமான தமிழில் இருந்தது. 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள்.

"போன் பழசோ காக்கா?" என்று கேட்டாள். கேட்டவுடனேயே ஏன் கேட்டோம் என்றிருந்தது.

சித்தி பரீதாவின் முகம் சிவந்தது. "மீன்புடிச் சங்கத்துச் செக்ரட்டரிட போனும் பழசா? அவர்ட மகன்ட போன் போன மாசம் வாங்கின. அதிலயும் இதுதான் வந்திரிக்கி. முந்தி எண்டா செக்ரட்டரி வாசிச்சிட்டுப் பள்ளிவாசல் மைக்கில செல்லுவார். அண்டைக்கு அவருக்கும் வாசிக்க ஏலல்ல. காத்து வாறது கிண்ணியாக்கு மட்டும் தெரியாமப் போச்சி. உங்கட கொம்பியூட்டருக்கு எங்கட பாசை தெரியாதா, இல்லாட்டி வேணுமெண்டு செஞ்சயா?"

வேணுமென்று செய்தாயா என்ற சொல் றிஷானாவைச் சுட்டது. ஏழு வருடமாக அந்தச் சேவைக்காக உழைத்தவள் அவள். கிண்ணியா ஆட்களின் நம்பர்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததும் அவள்தான். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு அந்தச் செய்தியைத் தன் போனில் படம் எடுத்தாள். தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினாள். ஸ்கூட்டியை உதைத்து எடுத்தாள். அவளுக்கு அப்போது கோபமெல்லாம் சித்தி பரீதாவின் மேல்தான்.

திங்கட்கிழமை காலை கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை. வாடைக் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. சீனக்குடாவில், முன்னொரு காலம் மீனுக்கு ஐஸ் அடித்த கட்டிடத்தில்தான் அவள் வேலை செய்யும் கொம்பனியின் தரவு நிலையம் இருந்தது. தடித்த சுவர், சின்ன ஜன்னல். உள்ளே எந்நேரமும் ஏசி இரைந்துகொண்டிருக்கும். எச்சரிக்கைச் செய்திகளை அனுப்புவதற்கென்று அங்கே எட்டு சேர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. ஐந்தாவது சேர்வருக்குக் கிண்ணியாவும் மூதூரும்.

எட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டும் என்பது முதல் விதி. எந்த அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மூலப்பிரதி உண்டு. ஆனால் ஆட்கள் வேலை செய்யும் இடம். ஒருவர் அவசரத்துக்கு ஒன்றில் ஒரு வரியை மாற்றுவார், இன்னொருவர் இன்னொன்றில் எதையாவது நிறுத்திவைப்பார். எழுதிவைக்க மாட்டார்கள். ஆறு மாதம் போனால் எட்டு சேர்வரும் எட்டுத் திசையில் நிற்கும். அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு முன் றிஷானா ஒரு சோதனையை எழுதி வைத்தாள். அது தினமும் காலை ஆறு மணிக்கு எட்டு சேர்வரையும் மூலப்பிரதியோடு ஒப்பிடும். விலகல் இருந்தால் சிவப்பில் காட்டி, தானே பழையபடி திருத்தியும் வைக்கும். கொம்பனியின் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள்.

திரையில் அன்றும் பச்சைதான். 'எட்டும் ஒத்துள்ளன.'

"கிருஷாந்த், டிசம்பர் எட்டாம் திகதி அஞ்சாம் சேர்வரில இருந்து போன மெசேஜுகளை எடுங்கோ."

கிருஷாந்த் அவளோடு வேலை செய்பவன், பாலையூற்றுக்காரன். முப்பது வயது. கைவேகம் அதிகம். "எல்லாம் போயிருக்கு அக்கா. இரண்டாயிரத்து நூத்திப் பதினாலு. ஒண்டும் தவறேல்லை," என்றான்.

அவள் போனிலிருந்த படத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். "பழைய போனாயிருக்கும்."

நேற்று அவள் கேட்ட அதே கேள்வி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள். திரையில் தெரிந்த பச்சையை நம்பாமல், ஐந்தாவது சேர்வருக்குள் தானே நுழைந்தாள். மூலப்பிரதியை ஒரு பக்கமும் சேர்வரில் உள்ளதை மறுபக்கமும் வைத்து, வரி வரியாக, அரிசியில் கல் பொறுக்குகிறவள்போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். முக்கால் மணித்தியாலம் கழித்து அகப்பட்டது. எழுத்துமுறை என்ற ஒற்றை வரி.

தமிழை அனுப்ப விரிந்த எழுத்துமுறை வேண்டும். அதில் ஒரு செய்திக்கு எழுபது எழுத்துத்தான் கொள்ளும். வெறும் ஆங்கிலமென்றால் சுருங்கிய முறை போதும், நூற்றறுபது கொள்ளும். ஐந்தாவது சேர்வர் சுருங்கிய முறையில் இருந்தது. அந்த முறையில் தமிழைக் கொடுத்தால் சேர்வர் மாட்டேன் என்று சொல்லாது. தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பிவிட்டு, 'அனுப்பப்பட்டது' என்று பதிந்துவைக்கும்.

அவள் அந்த வரியைத் திருத்தினாள். உம்மாவின் போனுக்கு அந்தச் சேர்வரிலிருந்தே ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள்: 'எழுத்து விளங்குதா?' இரண்டு நிமிடத்தில் உம்மா அழைத்தார். "விளங்குது. ஏன், என்ன?" ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு வரி. சிவப்புக் காட்ட வேண்டிய சோதனை ஏன் காட்டவில்லை? அதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்க முடியும். விலக்குப் பட்டியல். ஏதோ ஒரு சேர்வரில் ஏதோ ஒன்று வேண்டுமென்றே வேறாக இருக்க வேண்டி வந்தால், அதைச் சோதனை கண்டுகொள்ளாமல் விடுவதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. அவள் அதை எழுதிய காலத்தில் மூன்றே வரி இருந்தது. இப்போது திறந்து பார்த்தாள். நாற்பத்தொரு வரி.

சிவப்பு வந்த ஒவ்வொரு முறையும் ஏன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வந்ததை இதற்குள் தள்ளி மூடியிருக்கிறார்கள். பச்சைக்குப் பின்னால் நாற்பத்தொரு பொய்.

இருபத்துமூன்றாம் வரி: சேர்வர் ஐந்து, எழுத்துமுறை. காரணம்: தற்காலிகம், ஹோட்டல் விளம்பரம். கேட்டவர்: கிருஷாந்த். பணித்தவர்: குணரத்தினம். ஆகஸ்ட் பதினான்கு, மாலை நாலு ஐம்பத்திரண்டு.

ஆகஸ்ட் கடல் குளம்போலக் கிடக்கும் காலம். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் நிறையும் காலம். காற்று எச்சரிக்கை எதுவும் போகாது. அந்த நாளில்தான் சும்மா கிடக்கும் சேர்வரால் ஹோட்டல்காரரின் ஆங்கில விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் தமிழில் ஒரு சொல் போகவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் கதிரையை விட்டு எழும்பினாள். "கிருஷாந்த்," என்று கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது நீங்களோ?"

அவன் வந்து அந்த வரியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. ஆனால் குனியவில்லை. "ஓம் அக்கா. கையால மாத்தினனான். குணரத்தினம் சேர் சொன்னவர். பின்னேரம் திருப்பி வைக்க மறந்திட்டன். அடுத்த நாள் காலமை சோதனை தானே பழசுக்குத் திருப்பிட்டுது. ஹோட்டல்காரர் இன்னும் இரண்டு கிழமை அனுப்போணும் எண்டு நிண்டவை. அதாலதான் திரும்ப மாத்திப் பட்டியல்ல போட்டது." திரையின் அடியைச் சுட்டினான். "கீழ ஒரு வரி இருக்கு, அதையும் வாசியுங்கோ."

பட்டியலில் எதையும் ஒரு ஆள் தனியே சேர்க்க முடியாது. இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். அந்த விதியை வைத்தவளும் அவள்தான். சம்மதித்தவர்: றிஷானா.

"வாசிச்சுப்போட்டோ அமத்தினீங்கள்?" என்று கேட்டான் கிருஷாந்த்.

நாலு ஐம்பத்திரண்டு. ஐந்து மணிக்கு வெளிக்கிடும் அவசரம். அப்படி எத்தனை தடவை 'சரி' என்ற பொத்தானை அமத்தியிருப்பாள். அந்த ஒரு நாளை நினைவுக்குக் கொண்டுவரக்கூட முடியவில்லை. "இல்லை," என்றாள்.

அதன் பிறகு கோபம் குறையுமென்று நினைத்தால் அது இன்னும் ஏறியது. தன்மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே தூக்கிக்கொண்டு குணரத்தினத்தின் அறைக்குப் போனாள்.

குணரத்தினம் நிலையத்தின் பொறுப்பாளர். அன்புவழிபுரத்தில் வீடு. ஐம்பத்திரண்டு வயது. யாரையும் உரத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கலியாணம் முடித்த கிண்ணியாப் பெண் சேர்வர் அறையில் நின்று பிடிப்பாளா என்று நேர்முகத் தேர்வில் மற்றவர்கள் இழுத்தபோது, நிற்பாள் என்று சொல்லி வேலை கொடுத்தவர். அந்த நன்றி றிஷானாவுக்கு ஏழு வருடமும் இருந்தது.

"சேர், பிழை எங்கட பக்கம்."

"கதவைச் சாத்துங்கோ பிள்ளை."

அவள் சாத்தவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னாள். அவர் இடைமறிக்கவில்லை. சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருத்தியாச்சோ?"

"திருத்தியாச்சு."

"அப்ப சரி. முடிஞ்சுது." மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் கடிதம். செய்திச் சேவையை நடத்தும் நகரத்து அரச அலுவலகத்துக்கு. டிசம்பர் எட்டாம் திகதி தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட இடையூறு காரணமாகச் சில செய்திகள் சிதைந்திருக்கலாம் என்றும், நிலையத்தின் சேர்வர்கள் எட்டும் அன்று சீராக இயங்கின என்றும் இருந்தது. சோதனையின் பச்சைப் பக்கத்தை அச்சடித்துச் சான்றாக இணைத்திருந்தார். அப்படியென்றால் செய்தி சிதைந்ததென்ற முறைப்பாடு இவரிடம் வந்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"தொழில்நுட்பப் பொறுப்பு எண்ட இடத்தில நீங்கள் கையெழுத்து வைக்கோணும்."

"ஏலாது சேர்."

"றிஷானா, அந்தப் பட்டியல்ல உங்கட பேரும் இருக்கு."

"ஓம். அதையும் சொல்லத்தான் வந்தனான்."

"பதினொரு பேர் இஞ்ச வேலை செய்யினம். இந்த ஒப்பந்தம் போனால் இந்தக் கட்டிடத்தைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான். பிறகு ஆருக்கு நன்மை? மனுசன் சாகேல்லைத்தானே. கடவுள் புண்ணியத்தில உயிரோட வந்திட்டார்."

அந்த வார்த்தையை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மூண்டு விரல் சேர். எஞ்சின் கயிறு இழுக்கிற கை. சாகேல்லை எண்டதை அவற்ற வீட்டில வந்து சொல்லுவீங்களோ? நான் கூட்டிக்கொண்டு போறன். வாங்கோ."

"இப்பிடிக் கதைக்கிறது உங்களுக்கு அழகில்லை."

"இல்லைத்தான்," என்றாள். கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வந்தவள் நேரே தன் இருக்கைக்குப் போய் விலக்குப் பட்டியலைத் திறந்தாள். நாற்பத்தொரு வரியையும் ஒன்றாகப் பிடித்து அழித்தாள். அந்தப் பச்சையை இன்னொரு நிமிடம் பார்க்க அவளால் முடியவில்லை. உள்ளதெல்லாம் சிவப்பாக வரட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்றிருந்தது. கிருஷாந்த் எழுந்து, "அக்கா, பொறுங்கோ, அதில சிலது..." என்று ஓடிவருவதற்குள் சோதனையை ஓடவிட்டாள்.

சோதனை சிவப்பைக் காட்டுவதோடு நிற்பதில்லை, திருத்தியும் வைக்கும். எழுதியவளுக்கே அந்த நேரம் அது மறந்துபோனது. அவள் முன்பே திருத்திய ஒன்றைத் தவிர, மிச்ச நாற்பது விலகலையும் அது நாலு நிமிடத்தில் மூலப்பிரதிக்குத் திருப்பியது. ஐந்தாவது நிமிடம் இரண்டாவது சேர்வர் விழுந்தது.

இரண்டாவது சேர்வர் நகரத்துக்கும் வடக்குக் கரைக்கும். அதற்கு இணைப்புக் கொடுக்கும் தொலைபேசி நிறுவனம் ஒக்டோபரில் தன் முகவரியை மாற்றியிருந்தது. கிருஷாந்த் சேர்வரில் மாற்றினான், பட்டியலில் போட்டான், மூலப்பிரதியில் மாற்ற ஒருவரும் மினக்கெடவில்லை. நாற்பத்தொன்றில் உண்மையான காரணம் இருந்த வரிகளில் அதுவும் ஒன்று. இப்போது அந்தச் சேர்வர், கைவிடப்பட்ட பழைய முகவரியைத் தட்டிக்கொண்டு நின்றது. பகல் செய்திகள் வரிசையில் தேங்கின. நாயாற்றிலிருந்து கொட்பே வரை ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை.

"உங்கட கோவத்துக்கு சேர்வர் என்ன செய்யும்?" என்றான் கிருஷாந்த். அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தான். அவள் பின்னால் நின்று பார்த்தாள். அவனுடைய விரல்கள் ஓடின. பழைய கடிதங்களைக் கிளறி அந்த முகவரியைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. எல்லாமாக நாற்பது நிமிடம். அன்று காற்று எச்சரிக்கை விடும் அளவுக்கு ஏறவில்லை. அது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

குணரத்தினம் வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

பின்னேரம் வரை அவள் அறிக்கை எழுதினாள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் நடந்ததை எழுதினாள். டிசம்பரில் நடந்ததை எழுதினாள். அன்று பகல் தன் கையால் இரண்டாவது சேர்வரை விழுத்தியதையும் எழுதினாள். மூன்று பேருடைய பெயரையும் போட்டாள். கிருஷாந்திடம் காட்டினாள். அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"என்னை வேலையால நிப்பாட்டுவினம்," என்றான்.

"என்னையும்தான்."

"உங்கட மனுசன் கட்டாரில உழைக்கிறார். எனக்கு அம்மாவும் தங்கச்சியும்." சொல்லிவிட்டு அறிக்கையை மறுபடி புரட்டினான். "இரண்டாம் பக்கத்தில திகதி பிழை. பதிமூண்டில்லை, பதினாலு," என்றான். அவள் திருத்தி அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸெய்னுதீன் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். உட்காராமல், வாசற்படிக்கு வெளியே நின்று சொன்னாள். ஸெய்னுதீன் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சித்தி பரீதா ஒரு சொல் கேட்டாள். "ஹோட்டல் விளம்பரம்?" றிஷானா ஓம் என்றாள். "போ," என்றாள் சித்தி பரீதா. கத்தவில்லை. றிஷானா போனாள்.

வியாழக்கிழமை நகரத்தில் அலுவலகத்தில் கூட்டம். அங்கே செய்திச் சேவைக்குப் பொறுப்பான அதிகாரி கீர்த்தனி, அறிக்கையில் கோடு கோடாக நிறம் தீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். குணரத்தினம் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். கிருஷாந்த் வரவில்லை, நிலையத்தைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

"நாலு மாசமா ஒருத்தரும் கவனிக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதெப்படி?" என்று கேட்டாள் கீர்த்தனி.

குணரத்தினம் தொண்டையைச் செருமினார். அதற்கு முன் றிஷானா பேசினாள். "நாங்கள் மாசாமாசம் உங்களுக்கு ஒரு தாள் அனுப்புறனாங்கள். இத்தனை மெசேஜ் போனது எண்டு. நீங்கள் அதைப் பார்த்துப்போட்டு பைலில போடுறனீங்கள். போனது வாசிக்கிற மாதிரிப் போய்ச் சேர்ந்ததோ எண்டு நாங்களும் ஒரு மீனவனிட்டக் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை. ஒரு போன் வாங்கி மேசையில வைச்சிருந்தால் போதும். அதுகூடச் செய்யேல்லை."

கீர்த்தனியின் முகம் இறுகியது. "எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தனீங்களோ?"

"இல்லை மிஸ். கேட்டீங்கள், சொன்னன்."

கீர்த்தனி அறிக்கையின் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பிறகு பேனையை எடுத்துத் தன் தாளில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று றிஷானாவுக்குத் தெரியாது.

ஒப்பந்தம் போகவில்லை. கிருஷாந்துக்கும் றிஷானாவுக்கும் கொழும்புத் தலைமையகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. குணரத்தினத்தைக் கொழும்புக்கே மாற்றினார்கள். அதே பதவி, அதே சம்பளம், இன்னும் பெரிய நிலையம். போகும் நாளன்று கேக் வெட்டினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தார். றிஷானாவும் கை கொடுத்தாள். ஏழு வருடத்து நன்றியில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். எரிச்சல்தான் கையில் வந்தது. கேக்கை அவள் தொடவில்லை.

நாற்பத்தொரு வரியையும் கிருஷாந்தும் அவளும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். ஆறு கிழமை சென்றது. ஒன்பது வரிக்கு நியாயம் இருந்தது, அவற்றை மூலப்பிரதியிலேயே சேர்த்தார்கள். மற்றதெல்லாம் யாரோ ஒருநாள் ஏதோ அவசரத்தில் செய்துவிட்டு மறந்தவை. பலதுக்குச் செய்தவர் பெயர் தெரியும், ஏன் செய்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. இப்போது பட்டியலில் எதைப் போட்டாலும் ஏழாம் நாள் தானாக நீங்கிவிடும். திரும்பப் போட வேண்டுமென்றால் காரணத்தை முழு வசனத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு போனுக்குக் கிழமைக்கு ஒருமுறை சோதனைச் செய்தி போகும். வாசித்தவர் அழைத்துப் பதில் சொல்ல வேண்டும். கிருஷாந்த் அந்த நாட்களில் அவளோடு வேலை விஷயம் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

அந்த ஆறு கிழமைக்கு நடுவில், தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சித்தி பரீதா றிஷானாவின் உம்மா வீட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே றிஷானாவின் அறிக்கை. போட்டுக்கும் கைக்கும் ஏதாவது கிடைக்குமா என்று கேட்க நகரத்து அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். இதோ எல்லாம் இதில் இருக்கிறது என்று அந்த நான்கு பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இங்கிலீசில இரிக்கி. நான் என்னத்தப் புடிச்சிக்கிட்டு ஆரிட்டப் போய்க் கதைக்கிற? தமிழ்ல எழுதித் தா."

றிஷானா தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். சித்தி பரீதா எதிர்க் கதிரையில் இருந்தாள். றிஷானா எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

"'ஆகஸ்ட் பதினான்காம் திகதி ஐந்தாவது சேர்வரின் எழுத்துமுறை மாற்றப்பட்டிருந்தது.'"

"மாற்றப்பட்டிருந்தது எண்டா? அது தானா மாறிச்சா?"

"இல்லை ராத்தா. கிருஷாந்த் எண்டவர் மாத்தினவர். குணரத்தினம் எண்டவர் சொல்லி."

"அப்ப அப்பிடி எழுது."

அடித்துவிட்டு எழுதினாள். அடுத்த வசனத்தை வாசித்தாள். "'மேற்படி மாற்றம் விலக்குப் பட்டியலில் உள்ளடக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டது.'"

"ஆர் அங்கீகரிச்ச?"

"நான்."

"நான் எண்டு எழுது. வாசிக்காமக் கையெழுத்து வைச்சன் எண்டும் எழுது."

றிஷானாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கையெழுத்தில்லை, ஒரு அமத்தல் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுதினாள். அப்படியே ஒவ்வொரு வசனமாகப் போனது. 'நேர்ந்துவிட்டது' என்று எழுதினால் சித்தி பரீதா விடவில்லை. 'கவனிக்கப்படாமல் போனது' என்று எழுதினால் யார் கவனிக்கவில்லை என்று கேட்டாள். 'பாதிப்பு' என்ற சொல்லை வெட்டச் சொல்லி, மூன்று விரல் என்றும் போட் என்றும் எஞ்சின் என்றும் தனித்தனியே எழுதச் சொன்னாள். இடையில் உம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை இருவரும் குடித்தார்கள். நான்கு பக்கம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. கீழே கையொப்பம் வைத்துப் பெயரையும் பதவியையும் எழுதிக் கொடுத்தாள்.

சித்தி பரீதா தாளைத் தூக்கிப் பிடித்துத் தொடக்கத்திலிருந்து தானே ஒருமுறை வாசித்தாள். உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்று மறுபடி வாசித்தாள். பிறகு மடித்து உறைக்குள் வைத்தாள்.

"இதக் கொண்டு போய்க் குடுத்தா உனக்கு வேல போகுமா?"

"தெரியா ராத்தா. போகலாம்."

"போனாப் போகட்டும்," என்றாள் சித்தி பரீதா. எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஸ்கூட்டில ஏத்திக்கொண்டு போய் விடுறன். நகரத்துக்குத்தானே?"

"வேணாம். பஸ்ஸில போறன்."

படலையைத் திறந்துகொண்டு இறங்கி, பதினொன்றரைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் வேகமாக நடந்தாள்.